'ர்' உள்ள மாதத்தில் அயர்லாந்து

கையில் குட்டையான ஒரு கத்தி. எதிரே 30 சிப்பிகள். சைகை கிடைத்ததும் போட்டியாளர் ஓட்டின் மூட்டில் கத்தியைச் செருகித் திருகுகிறார். வேகம் மட்டும் போதாது. சதை கிழிந்திருந்தாலோ, ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, விரல் அறுபட்டு ரத்தம் பட்டிருந்தாலோ அவர் கணக்கில் விநாடிகள் கூடும். சுற்றிலும் கறுப்பு பியர் கோப்பைகளுடன் ஆரவாரிக்கும் கூட்டம். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் செப்டம்பர் கடைசி வார இறுதியில் நடக்கும் சிப்பித் திருவிழாவின் உச்சக்கட்டம் இது. பெயர், உலகச் சிப்பி திறக்கும் போட்டி.

விழா பிறந்தது பக்தியாலோ பாரம்பரியத்தாலோ அல்ல, காலியாகக் கிடந்த ஹோட்டல் அறைகளால். கோடைக்காலம் முடிந்ததும் சுற்றுலாப் பயணிகள் மூட்டை கட்டிவிடுவார்கள். அவர்களை இன்னும் சில நாள் நிறுத்திவைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார் கால்வேயின் கிரேட் சதர்ன் ஹோட்டல் மேலாளர் பிரையன் காலின்ஸ். செப்டம்பரில் தாராளமாகக் கிடைப்பது சிப்பி. 1954இல் நடந்த முதல் விருந்துக்கு வந்தவர்கள் 34 பேர். அதே ஆண்டில் பக்கத்து ஊரான கிளாரன்பிரிட்ஜிலும் ஒரு சிப்பி விழா தொடங்கியது. இன்று மே முதல் அக்டோபர் வரை அயர்லாந்தின் கரையோர ஊர்கள் பலவற்றில் ஏதாவது ஓர் உணவு விழா நடக்கிறது.

எனவே அயர்லாந்துக்குச் சாப்பிடப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, காலண்டரை. அங்கு இரண்டு வகைச் சிப்பிகள் உண்டு. ஒன்று, அந்தக் கடலிலேயே காலங்காலமாக வாழும் தட்டையான நாட்டுச் சிப்பி. மற்றது பசிபிக் சிப்பி. பண்ணைகளில் வளர்க்கப்படுவது, ஆண்டு முழுவதும் கிடைப்பது. நாட்டுச் சிப்பி கோடையில் இனப்பெருக்கம் செய்யும். அப்போது அதைத் தொடக் கூடாது. பெயரில் 'ஆர்' எழுத்துள்ள மாதத்தில் மட்டுமே சிப்பி தின்ன வேண்டும் என்பது ஐரோப்பிய வழக்கு. மாதப் பெயர்களைத் தமிழில் எழுதினாலும் கணக்கு தப்பாது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை 'ர' வரிசை எழுத்து ஒன்று இருக்கும். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இருக்காது.

விழாக்களின் பளபளப்புக்குப் பின்னால் ஒரு முரண் இருக்கிறது. நாலாபுறமும் கடல் சூழ்ந்த அயர்லாந்து, வெகுகாலம் மீனை ஆசையோடு சாப்பிட்ட நாடு அல்ல. உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் அது கைகொடுக்கவில்லை. கால்வேயின் கிளாடா மீனவர் குப்பத்தில் வலைகளையே அடகு வைத்து உணவு வாங்க வேண்டிய நிலை. கரையோர மக்கள் பாறைகளில் ஒட்டியிருந்த சிறு சிப்பிகளையும் கடல்பாசியையும் பொறுக்கித் தின்றார்கள். அதனால் கரையில் பொறுக்கிய உணவு ஏழ்மையின் அடையாளமாகிப் போனது. கத்தோலிக்க நாட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு. அன்று மீன் என்றால் அது தவத்தின் சாப்பாடு. நல்ல மீனும் சிப்பியும் கப்பலேறி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போயின. இன்றும் பண்ணைச் சிப்பியில் பெரும்பகுதி பிரான்சுக்கே போகிறது.

இந்த மனநிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் மர்ட்டில் ஆலன். கார்க் மாவட்டத்தில் பாலிமலூ என்ற தன் பண்ணை வீட்டின் சாப்பாட்டு அறையையே 1964இல் உணவகமாகத் திறந்தார். பக்கத்துத் துறையில் அன்று என்ன மீன் இறங்கியதோ அதுதான் இரவு மெனு. வெளிநாட்டுச் சமையலை நகல் எடுக்காமல் சொந்த மண்ணின் சரக்கை நம்பிய அந்தக் குடும்பத் தலைவிக்குப் பின்னாளில் மிஷலின் நட்சத்திரமும் கிடைத்தது. 2018இல் அவர் மறைந்தபோது அயர்லாந்துச் சமையலின் தாய் என்றே நினைவுகூரப்பட்டார்.

பயணத் திட்டத்துக்கு வசதியான காலம் செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. மூன்று விழாக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும்: கால்வே, டிங்கிள், கின்சேல். டப்ளினிலிருந்து கால்வே சுமார் 200 கி.மீ.; ரயிலில் இரண்டரை மணி நேரம். கூட்டமும் கட்டணமும் மிரட்டினால் தெற்கே சற்றுத் தூரத்தில் கில்கோல்கன் இருக்கிறது. அங்கு ஓடைக்கரையில் கூரை வேய்ந்த மோரன்ஸ் உணவகத்தில் நிதானமாகச் சிப்பி சாப்பிடலாம்.

கால்வேயிலிருந்து தெற்கே காரில் போகிறவர்கள் ஷானன் முகத்துவாரத்தைப் படகில் கடந்தால் நேரம் மிச்சம். கில்லிமரில் காரோடு ஏறி 20 நிமிடத்தில் டார்பர்ட்டில் இறங்கலாம். பேருந்தை நம்புகிறவர்கள் டிரலீ வழியாக டிங்கிள் போக வேண்டும். அக்டோபர் முதல் வார இறுதியில் இந்தச் சின்னத் துறைமுக ஊரே சாப்பாட்டுக் கடையாகிவிடும். டிக்கெட் வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ருசி பார்க்கலாம். ஐரிஷ் உணவுப் பொருட்களுக்கான பிளாஸ் நா ஹேரன் விருதுகளும் அப்போதுதான் வழங்கப்படுகின்றன. இது ஐரிஷ் மொழி பேசும் வட்டாரம். சாலைப் பலகைகள் பலவற்றில் ஊர்ப் பெயர் ஐரிஷில் மட்டுமே இருக்கும். இரண்டு பெயர்களும் உள்ள வரைபடம் அவசியம்.

அடுத்து கார்க் நகரம். 1788இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட்டின் மீன் கடைகள் காலையில் பார்க்க வேண்டிய காட்சி. நம் கானாங்கெளுத்தியின் அட்லாண்டிக் உறவும், குட்டிச் சிங்கி இறால் போன்ற டப்ளின் பே இறாலும், கையகல நண்டும் பனிக்கட்டி மேல் வரிசையாகக் கிடக்கும். அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே கின்சேல். அக்டோபரில் கூர்மே விழா நடத்தும் இந்த ஊர்தான், 2014இல் அறிமுகமான 2,500 கி.மீ. நீள அட்லாண்டிக் கரைச் சாலையின் தென்முனை.

சாப்பாட்டில் சில எச்சரிக்கைகள். சிப்பியைப் பச்சையாகத்தான் தருவார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. முதல் நாளே ஒரு டஜன் வேண்டாம், இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சௌடர் என்ற கெட்டியான மீன் சூப்பில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். கூட வரும் சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். சோடாவும் மோரும் கலந்து சுடும் பழுப்பு ரொட்டி, பண்ணைப் பாலாடைக்கட்டி, கரகீன் பாசியில் செய்யும் பால் புட்டிங் உண்டு. சைனா கிராஸ் போல உறையும் அந்தப் பாசியின் பெயரிலிருந்துதான் 'கராகீனன்' வந்தது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மிதவைகளில் பாசி வளர்ப்பதும் அந்தப் பொருளுக்காகவே.

விசா விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அயர்லாந்து ஷெங்கன் நாடல்ல. பாரிஸுக்கு வாங்கிய விசா டப்ளினில் செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெல்பாஸ்ட் உள்ள வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அங்கு பவுண்ட், தெற்கே யூரோ. விழா நாட்களில் சிறிய ஊர்களில் அறைகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த ஆண்டின் விழாத் தேதிகளை உறுதி செய்துகொண்டு, அறையை முதலில் பிடித்து, விமானச் சீட்டைப் பிறகு வாங்குவது புத்திசாலித்தனம். கார் இந்தியாவைப் போலவே இடதுபக்கம் ஓட்டலாம். மழைக்கோட்டு கட்டாயம்.

தட்டு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது நாட்டுச் சிப்பியா, பசிபிக் சிப்பியா? விழா எந்தச் சிப்பிக்காகத் தொடங்கியதோ அதுவே இன்று அரிதாகி வருகிறது. அளவுக்கு மீறி அள்ளியது, நீர் மாசு, 1980களில் வந்த போனாமியா என்ற ஒட்டுண்ணி நோய் எல்லாம் சேர்ந்து பழைய சிப்பிப் படுகைகளை அழித்தன. விற்கும் அளவுக்கு வளர நாட்டுச் சிப்பிக்கு நான்கைந்து ஆண்டு பிடிக்கிறது. சால்மன் கதையும் இதுதான். கடலில் மிதவை வலை போட்டு அதைப் பிடிப்பதை அரசு 2007இல் நிறுத்தியது. இப்போது ஓட்டல்களில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணை மீன்.

கால்வே விரிகுடாவில் 'குவான் பியோ' போன்ற உள்ளூர் அமைப்புகள் நாட்டுச் சிப்பியை மீட்கப் பாடுபடுகின்றன. சிப்பிக் குஞ்சு வளர வேண்டுமானால் முதலில் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும். அதற்கு மிகவும் பிடித்தது இன்னொரு சிப்பியின் ஓடு. அதனால் இத்தகைய மீட்பு வேலைகளில் காலி ஓடுகளைக் கடலடியில் பரப்புவது வழக்கம். சதை பயணிக்கு; ஓடாவது கடலுக்குத் திரும்பினால் அடுத்த செப்டம்பருக்கும் விழா உண்டு.