கன்னத்தைத் தூக்கும் முன்

தோழர்களே, தருமபுரியில் நம் பிள்ளைகளின் கைபேசிக்கும் இப்போது அந்த விளம்பரங்கள் வருகின்றன: தொங்கிய கன்னத்தைத் தூக்கித் தருகிறோம், தழும்பு தெரியாது, தவணையில் கட்டலாம். அது என்னவென்று சேர்ந்து படித்தோம்.

வயது ஏற ஏறக் கன்ன எலும்பு மெலியும். மேலிருக்கும் கொழுப்புத் திசு இறங்கும். நெற்றிப்பொட்டருகே முடிக்குள் சிறிதாகக் கீறி, அந்தத் திசுவை மேலே இழுத்து, அங்குள்ள உறுதியான சவ்வோடு தைத்து நிறுத்துகிறார்கள். வெறும் நூலால் இழுத்துக் கட்டுவதும் உண்டு. கரையும் நூல் என்றால் பலன் நெடுநாள் நிற்காது. கீறல் சிறியதுதான். ஆனாலும் முகநரம்பு காயப்படலாம், சீழ் பிடிக்கலாம், இரு கன்னமும் ஒன்றுபோல் அமையாமல் போகலாம்.

இந்தக் கலையை நாம் பழிக்கவில்லை. முகவாதத்தில் வாய் கோணியவர்களுக்கும் சரிந்த கன்னத்தை இப்படி மேலே இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் வரலாற்றில் உழைக்கும் சாதிகளின் கையும் இருக்கிறது. 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்பு படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். நம் பாரமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அந்தப் போரில்தான். ஓராண்டுக்குப் பின் புனே அருகே ஒருவர் நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி, கவாஸ்ஜிக்குப் புது மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் அதை வெளியிட்டது. 1814இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அதே முறையில் மூக்கு வைத்துப் புகழ்பெற்றார். மூக்கு வைத்த நம்மூர்க்காரரை அந்த இதழ் செங்கல் செய்யும் சாதிக்காரர் என்று மட்டுமே சொன்னது. சாதியை எழுதியவர்கள் பெயரை எழுதவில்லை.

இன்று அந்தக் கத்தி யாரைப் பார்த்து நீள்கிறது? எங்கள் தோழி ஒருவர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறார். "முகம் தொங்கிப்போச்சு, முன்னாடி நிக்காதே" என்றாராம் மேலாளர். சிகிச்சைக்குக் கடன் வாங்கலாமா என்று எங்களிடம் கேட்டார். செய்துகொள்வதும் விடுவதும் அவர் உரிமை. ஆனால் அவர் முகத்தில் தெரிவது வயது மட்டுமல்ல, நின்ற நேரமும்தான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அவர் கடையில் இன்னும் ஒரு முக்காலிகூட இல்லை.

முதலில் அதைக் கேட்போம். மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் எத்தனை கடைகளில் இருக்கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், கடைக்காரரிடமும் கேளுங்கள்.