அலைக்கு அஞ்சிய போதகர்

அட்லாண்டிக் கடலில் சிம்மண்ட்ஸ் என்ற கப்பல் புயலில் சிக்கிக்கொண்டது. 1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை. பெரிய பாய் கிழிந்தது. கப்பலையே மூடிய அலை, தளங்களுக்கு நடுவே தண்ணீரைக் கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். அதே கப்பலில் ஜெர்மனியைச் சேர்ந்த மொரேவியக் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக மாலை ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜான் வெஸ்லி. வயது 32. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலிக்கன் சபையின் குரு. உபவாசம், ஜெபம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று கடிகாரம் வைத்து வாழ்ந்தவர். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர்தான். சென்னை ராயப்பேட்டையில் இவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்கு உயிர்ப்பயம். சாக மனம் வரவில்லை என்பதை நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

புயல் ஓய்ந்ததும் ஒரு மொரேவியரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். சரி, பெண்களும் பிள்ளைகளுமாவது பயந்திருப்பார்களே? அவர்களுக்கும் சாவைப் பற்றிப் பயமில்லை என்று அமைதியாகப் பதில் வந்தது. ஊருக்கெல்லாம் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறவருக்கு அந்தப் பதில் முள்ளாகத் தைத்தது.

கப்பல் கரை சேர்ந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா அப்போது இங்கிலாந்தின் புதுக் குடியேற்றம். அங்கே சவன்னா என்ற சின்ன ஊரில் வெஸ்லி போதகரானார். பயத்தோடு இன்னொரு நோயும் உள்ளே இருந்தது அங்கேதான் வெளிப்பட்டது.

சோஃபி ஹாப்கி என்ற இளம்பெண், ஊர் நீதிபதியின் உறவுக்காரர். வெஸ்லி அவருக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார். மனம் அவரிடம் போய்விட்டது. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை. நம் ஊரில் திருவுளச் சீட்டு போடுவது போலச் சீட்டு எழுதி எடுத்துப் பார்த்ததில், இனி அதை நினைக்கவே வேண்டாம் என்று வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். பயந்த மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும்.

சோஃபி காத்திருக்கவில்லை. 1737 மார்ச்சில் வில்லியம்சன் என்பவரை மணந்துகொண்டார். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு வந்த அவருக்கு வெஸ்லி அதைக் கொடுக்க மறுத்துவிட்டார், சபையார் எல்லோர் முன்னிலையிலும். முன்கூட்டியே பெயர் கொடுக்கவில்லை என்பது போன்ற சபை விதிகளைக் காரணமாகச் சொன்னார். விதி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கைவிட்டுப்போன பெண்ணிடம் மட்டும் விதி இவ்வளவு கறாராகப் பேசினால் யார் நம்புவார்கள்? மானநஷ்டமாக 1,000 பவுன் கேட்டுக் கணவர் வழக்குப் போட்டார். ஊரே இரண்டுபட்டது. டிசம்பர் 2 அன்று வெஸ்லி சவன்னாவை விட்டே போனார். மற்றவர்களை மனந்திருப்பப் போன தன்னை யார் மனந்திருப்புவது என்ற வேதனை திரும்பும் பயணம் முழுக்க அவரை அரித்தது.

லண்டனில் பீட்டர் பேலர் என்ற மொரேவியர் அவருக்கு நண்பரானார். வெஸ்லியைவிட வயதில் சிறியவர். கடவுள் பிரியப்படும்படி நடந்து அவர் அன்பைச் சம்பாதிக்க வேண்டியதில்லை, கிறிஸ்துவில் அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1738 மே 24 இரவு, ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். வெஸ்லி விருப்பமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் வெஸ்லிக்குள் வந்தது. இதயத்தில் ஒரு வெதுவெதுப்பு.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்து அவர் செய்ததைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை. தன்னை இழிவாக நடத்தியவர்களுக்காக, துன்பப்படுத்தியவர்களுக்காக முழுப் பலத்தோடு ஜெபிக்க ஆரம்பித்தார். யார் யார் என்று எழுதவில்லை. சவன்னாவை விட்டு ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, ஊகித்துக்கொள்ளலாம்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. சந்தேகம் அன்றிரவே எட்டிப் பார்த்தது, பல மாதம் வந்து வந்து போனது. ஆனால் பயம் மெல்ல விட்டது. 1743 அக்டோபரில் வெட்னஸ்பரி என்ற ஊரில் ஒரு கலகக் கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு அலைந்தது, அடித்தது. தன் படிப்பறையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் மனம் நிதானமாக இருந்தது என்று பிறகு எழுதினார். கலகத்துக்குத் தலைமை தாங்கியவனே கடைசியில் அவருக்குக் காவலாக நின்றான்.

பொறாமைக்குப் பரீட்சை இன்னும் தாமதமாக வந்தது. நோயில் படுத்தபோது தன்னைக் கவனித்துக்கொண்ட கிரேஸ் மரே என்ற விதவையை வெஸ்லி மணக்க விரும்பினார். அவருடைய பிரசங்கியார்களில் ஒருவரான ஜான் பென்னெட்டுக்கும் அதே விருப்பம். இந்தக் கல்யாணம் ஊழியத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்த தம்பி சார்லஸ் குறுக்கே புகுந்து, 1749 அக்டோபரில் கிரேஸைப் பென்னெட்டுக்கே மணமுடித்து வைத்துவிட்டார். அதே காயம், பன்னிரண்டு வருடம் கழித்து. இந்த முறை குத்தியது கூடப் பிறந்தவன் கை.

லீட்ஸ் நகரில் எல்லோரும் சந்தித்தார்கள். சார்லஸ் வந்ததும் கோபத்தில் கத்தினார். பக்கத்தில் இருந்த நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு அழுது ஜெபித்து அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்தார். பிறகு பென்னெட் உள்ளே வந்தார். வெஸ்லியும் அவரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் முத்தமிட்டு அழுதார்கள். வலி போய்விடவில்லை, அந்த மாதமே வெஸ்லி தன் துக்கத்தை நீண்ட கவிதையாக எழுதினார். ஆனால் இந்த முறை திருவிருந்து மேசையிலிருந்து யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

1788-இல், பென்னெட் இறந்து பல வருடம் ஆன பிறகு, கிரேஸ் லண்டன் வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய வெஸ்லி போய்ப் பார்த்தார். சந்திப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. அதன் பிறகு வெஸ்லி அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை என்று கூடப் போயிருந்தவர் எழுதியிருக்கிறார்.