சைகோன் பெட்டகத்தில் ஓர் அலங்குச் செதில்

அரசலாறு வங்கக் கடலில் கலக்குமிடத்தில் அமைந்த எழிலூர் காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவுடன் இணைந்த இவ்வூர், நாற்புறமும் தமிழகமும் கடலும் சூழப் புதுவை ஒன்றியப் பகுதியாய் விளங்குகிறது. பிரெஞ்சியர் காலத்தில் இங்குள்ளோர் பலர் கப்பலேறிச் சைகோன் சென்று பொருளீட்டினர்.

அண்மையில் அங்கே நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்தம் பேரக் குழந்தை இரவில் திடுக்கிட்டு அழுதது. முதிய உம்மா, தம் வாப்பாவின் சைகோன் பெட்டகத்தைத் திறந்து, பழுப்பு நிறச் சில்லு ஒன்றை எடுத்தார்.

"அலங்கு ஓடு, ஹஜரத். கையில கட்டுனா பயம் தெளியும்" என்றார். குழந்தையின் தாயோ தயங்கி என்னை நோக்கினார்.

அலங்கு என்பது எறும்புத்தின்னி. இரவில் வெளிவந்து, கூர்நகங்களால் புற்றைப் பிளந்து, பசையுள்ள நீண்ட நாவால் எறும்பையும் கறையானையும் உண்ணும். அதற்குப் பற்களில்லை. ஆபத்து நேர்ந்தால் பந்தெனச் சுருண்டுகொள்ளும்; சிறுத்தையையும் திகைக்க வைக்கும் அக்கவசம், கையால் தூக்கிச் செல்லும் மனிதனிடம் பயனற்றுப் போகிறது. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டியே. அதனைத் தாய் வாலில் சுமந்து திரியும்.

தென் அமெரிக்காவின் பெரும் எறும்புத்தின்னிக்கும் பல்லில்லை. அதன் நா சுமார் 60 செ.மீ. நீளும்; நாளொன்றுக்கு 30,000 பூச்சிகள்வரை உண்ணும். எனினும் அதன் உடலில் செதிலில்லை, உரோமமே உண்டு. உணவு ஒன்றாயினும் இரண்டும் உறவினமல்ல.

"உம்மா, இச்செதில் நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆனது. வெட்டிய நகத்தைக் கட்டினால் பயம் தீருமா?" என்றேன். அவர் புன்னகைத்தார்.

ஆசியாவில் நான்கும் ஆப்பிரிக்காவில் நான்குமாக உள்ள எட்டு அலங்கு இனங்களும் இச்செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் அழிக்கப்படுகின்றன. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய உலக நாடுகள் இவற்றின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தன. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே அலங்கு உள்ளது. அதனை வேட்டையாடுவதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம்.

"அறியாமல் இத்தனை நாள் வச்சிருந்தோம். உரிய இடத்துல கொடுத்துடுங்க" என்று உம்மாவே கூறினார். மறுநாள் நண்பரும் நானும் அதை வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். குழந்தையை மருத்துவரிடம் காட்டினர். காது வலிதான் அழுகைக்குக் காரணம் என்று தெரிந்தது.

பேசவியலா உயிரொன்றின் கவசத்தைப் பறித்து நாம் கவசம் தேட வேண்டியதில்லை. நம் இல்லப் பெட்டகங்களையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக!