தொண்ணூறு டிகிரி

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று நழுவப் பார்த்தேன். "உங்க அம்மாவுக்கு ஸ்டூல் செஞ்சியே, அதை எழுதுடா" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். அம்மா நாற்று நடப் போகிறவள். பேரணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், நடுவை முடிகிற வரை அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் நாற்றுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்தாள். நாட்டுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தோம். எழுந்தபோது வலது கால் குட்டையாகியிருந்தது. நொண்டி நொண்டியே ஒரு வருடத்தை ஓட்டினாள்.

அப்புறம்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, கூட்டிப் போனோம். தொடை எலும்பின் கழுத்து ஒடிந்து ஒட்டவேயில்லை, ரத்தம் போகாமல் அதன் தலை செத்துவிட்டது, மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ஆபரேஷனுக்குப் பணம் கட்டவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. எல்லாப் பேப்பரையும் படித்தது நான்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்! நாம் படித்த பால் அண்ட் சாக்கெட் ஜாயின்ட் அப்படியே அம்மா இடுப்பில் இருக்கிறது. இதில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் முதலில் டெஃப்ளானில் குழி செய்து வைத்தார். அது சில வருடங்களில் தேய்ந்துபோனது. 1962-இல், துணி ஆலைத் தறிகளுக்குப் பல்சக்கரம் விற்கிற ஒருவர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மானம் பார்க்கும் மிஷினில் மாட்டி ஓட்டினார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை. பிறகு குழி அதிலேயே ஆனது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவனும் லேசுப்பட்டவன் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

டிஸ்சார்ஜ் அன்று இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்தார்கள். "என்னடா போட்டிருக்கு?" என்றாள் அம்மா. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. காலை மறுகாலுக்குக் குறுக்கே போடக் கூடாது. கால்விரல் உள்பக்கம் திரும்பக் கூடாது. பின்பக்கமாக அறுத்து மூட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே தசை ஆறுகிற வரை, மடக்கித் திருப்பினால் பந்து குழியை விட்டுப் பின்னால் நழுவிவிடும். தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மூன்று மாதம் இப்படி. சம்மணமும் குத்தவைப்பதும் இனி எப்போதுமே வேண்டாம் என்று டாக்டர் வாயாலும் சொன்னார்.

அம்மாவுக்கு டிகிரி தெரியாது. செட்ஸ்கொயரை எடுத்து அவள் இடுப்பில் வைத்துக் காட்டினேன். "இம்புட்டுதானா?" என்றாள்.

ஆட்டோவிலேயே தொல்லை ஆரம்பித்தது. சீட் தாழ்வு. போர்வையை நாலாக மடித்துப் போட்டு, முதலில் உட்கார வைத்து, பிறகு காலை உள்ளே எடுத்தோம். வீட்டுக்கு வந்தால் எல்லாமே தரையில்! பாய் தரையில், அடுப்பு தரையில், சோறு தரையில், கக்கூஸும் தரையில். தாளை எழுதியவர் நாற்காலி உள்ள வீட்டை நினைத்து எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டில் கட்டில் வாங்கி, கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். கக்கூஸுக்கு என்ன செய்வது?

அம்மாவின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 42 சென்டிமீட்டர். சீட் அதைவிட உயரமாக இருந்தால்தான் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகாது. 48 என்று வைத்தேன். வெல்டிங் ஷாப்பில் சாரிடம் கேட்டு, கழிவில் கிடந்த ஒரு இஞ்ச் பைப்பை வெட்டி, நடுவில் ஓட்டை வைத்த சீட்டோடு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, பீங்கானுக்கு மேல் நிற்கிற மாதிரி ஒரு ஸ்டூல் செய்தேன். முதல் ஸ்டூல் ஆடியது. ஒரு கால் மூன்று மில்லி குறைவு. "இதுல பரிட்சை வச்சா நீ பெயிலு" என்றார் சார். அறுத்துவிட்டு மறுபடி அடித்தேன். ரப்பர் புஷ் போட்டேன். கீழே விழுவதை எடுக்க, ஆட்டுக்குக் குழை பறிக்கிற தொரட்டியைச் சின்னதாக்கிக் கொடுத்தேன்.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்து செம்பு உருண்டது. சட்டென்று குனியப் போனாள். "அம்மா!" என்று கத்திவிட்டேன். அப்படியே நின்றாள். பாதிக் குனிந்தபடி. தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போதுகூட அழாதவள் அப்போது அழுதாள்.

"நாத்து நட்டவளைக் குனியாதேங்கிறாய்ங்க. பெறகு என்னடா பொழப்பு எனக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. எந்தத் தாளிலும் அது இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று மறுநாள் சொன்னேன். தொரட்டியை ஓங்கிவிட்டாள்!

இப்போது ஆறு மாதம் ஆகிறது. கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பு வரை போகிறாள். நடுகிறவர்களிடம் "நெருக்கி வையுங்கடி" என்று கரையிலிருந்தே சத்தம் போடுகிறாள். மார்கழியில் எங்கள் வாசல் கோலம் பக்கத்து வீட்டு அக்கா கையில். அது மட்டும் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல்.

நின்றபடியே இட்லிக் கடை போடலாம் என்பது அவள் யோசனை. அதற்கு அடுப்பு வைக்கிற மேசை வேண்டும். அவள் முழங்கையை அளந்தேன். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே மேல்பலகை. சட்டம் அடித்தாயிற்று, ரெட் ஆக்ஸைடும் பூசியாயிற்று. ஒர்க்‌ஷாப் பின்சுவரில் காய்கிறது. யாரும் தொட்டுவிடாதீர்கள்.