வெப்பமும் கோபமும்

நாகபுரியின் வைகாசி வெயிலைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வூரார் ‘நௌதபா’ என்றழைக்கும் அந்த ஒன்பது நாட்களில்தான், சென்ற ஆண்டு, என் தம்பிக்கு நான் ஓர் அநீதி இழைத்தேன்.

தம்பி எங்களுடன் தங்கிப் பொறியியல் படிக்கிறான். அவன் படிப்பிற்கென்று என் சேமிப்பிலிருந்து ஒரு கணிப்பொறி வாங்கித் தந்திருந்தேன். அவன் இயந்திரப் படங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே அது திடீரென்று அணைந்துவிடும். “இரவெல்லாம் விளையாடினால் எந்த இயந்திரந்தான் தாங்கும்?” என்று கடிந்தேன். “விளையாடவில்லை அண்ணா, சூடு தாங்காமல் அணைகிறது” என்றான். நான் செவிசாய்க்கவில்லை. ஒப்படைக்க வேண்டிய படமொன்று பாதியில் அழிந்த இரவு, அவன் உண்ணாமலே படுத்துவிட்டான்.

மறுநாள் அலுவலக நண்பர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். பிராசஸரின் மேலுள்ள சிறு விசிறியையும் அலுமினியத் தகடுகளையும் தூசி கம்பளிபோல் மூடியிருந்தது. அது ரைசன் 5 5600 வகை. அதன் உச்ச வெப்ப வரம்பு 90 டிகிரி. அதை எட்டினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் அணைந்துவிடும். தம்பி சொன்னது மெய்.

குற்றவுணர்ச்சியால் உந்தப்பட்டு அன்று மாலையே சீதாபர்டிக் கடைவீதிக்குச் சென்று, இருப்பதிலேயே பெரிய குளிர்விப்பானை வாங்கி வந்தேன். பொருத்திய பின் பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை! அதன் உயரம் 160 மில்லிமீட்டர். பெட்டி இடங்கொடுப்பதோ 155. நான் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. அளவுக்கு மீறிய சுமையேற்றிய வண்டியை நாங்கள் புறப்பட விடுவதில்லை. வீட்டிலோ அளவெடுக்க மறந்தேன். தம்பி பல நாட்களுக்குப் பின் சிரித்தான்.

கடைக்காரர் சிறிது பணம் பிடித்துக்கொண்டு மாற்றித்தரச் சம்மதித்தார். இம்முறை தம்பியே குறிப்பெழுதி வந்தான்: சாக்கெட் ஏஎம்4-க்குப் பொருந்துமா? 65 வாட் பிராசஸருக்குப் போதுமா? உயரம் 155-க்குள் அடங்குமா? விசிறி ராம் பலகைகளை இடிக்காதா? நான்கு செம்புக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள ஒன்றைத் தேர்ந்தான். அக்குழாய்களின் உள்ளே இருக்கும் சிறிதளவு திரவம் சூட்டில் ஆவியாகி, தகடுகளிடையே குளிர்ந்து, மீண்டும் கீழிறங்கி வெப்பத்தைச் சுமக்கிறதாம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருவதால் இரைச்சலும் குறைவு.

ஒன்றை மட்டும் அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இக்கருவி வெப்பத்தை அறைக் காற்றிற்கு மாற்றுமேயன்றி, அறையைவிடக் குளிரச் செய்யாது. ஆகவே, பெட்டிக்குள் காற்று வந்துபோக வழி வேண்டும். ஜன்னல் கூலரின் ஈரக்காற்று நேரே படும் இடத்தில் பெட்டியை வைத்தலாகாது.

அறையில் 41 டிகிரி காய்ந்த பிற்பகலிலும் கணிப்பொறி அணையவில்லை. மாதம் ஒருமுறை அத்தகடுகளின் தூசியைத் தூரிகையால் துடைப்பது இப்போது என் பொறுப்பு. தம்பி வேண்டாமென்று தடுத்தாலும் நான் விடுவதில்லை.