ஒரு மங்கு கள்

தம்பி குடும்பத்தோடு பெர்த் நகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே கைப்பேசியில் படம் காட்ட ஆரம்பித்துவிட்டான். கேவர்ஷாம் பூங்காவில் பிள்ளைகள் கங்காருவுக்குத் தீனி ஊட்டும் படம். அடுத்தது சுவான் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னச் சின்ன பீர் ஆலைகள். குட்டிக் கிளாஸ்களில் ஐந்து வகை பீர் வரிசையாக நிற்கிறது. பெரியவர்கள் ருசி பார்க்க, பிள்ளைகள் பக்கத்துப் புல்வெளியில் ஓடி விளையாடுகிறார்கள்.

"அங்க இதுவும் குடும்பமா போற இடந்தான்க்கா" என்றான்.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாம மலாக்காவுக்குப் போவோம். மிருகங்களப் பாக்கலாம், டவுனச் சுத்தலாம். நம்மூரு பீரு கள்ளுதானே, அதையும் ஒரு கை பாத்துடலாம்" என்று திட்டம் போட்டதும் தம்பிதான். அப்பா பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை காலையில் எங்களுக்கு முன்பே காடியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஆயர் குரோவில் இருக்கும் மலாக்கா மிருகக்காட்சி சாலை. 1963இல் தொடங்கியது. கங்காருவோடு பழகிய பிள்ளைகள் தாப்பிர் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்பக்கம் கறுப்பு, நடுவில் வெள்ளை, பின்னங்கால் மறுபடியும் கறுப்பு. "யாரு அத்தை இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டான் சின்னவன். நிலா வெளிச்சத்தில் காட்டுக்குள் நின்றால் இந்த இரண்டு நிறமும் உடம்பின் உருவத்தையே மறைத்துவிடும் என்று சொன்னேன். அடுத்தது நம் நாட்டுச் சூரியக் கரடி. உலகக் கரடி வகைகளில் இதுதான் சிறியது. நெஞ்சில் மஞ்சள் பிறை. தேன் எடுக்க நீண்ட நாக்கு.

"தோட்டத்துல இதெல்லாம் இருந்துச்சா தாத்தா?"

"நான் பாத்தது காட்டுப்பன்னியும் உடும்புந்தான்யா" என்றார் அப்பா.

மதியம் டவுன். 1753இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயம். போர்த்துக்கீசியர் கோட்டையில் மிஞ்சி நிற்கும் ஒற்றை வாசல். பிறகு ஜாலான் துக்காங் எமாஸ். 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து இங்கேயே பெண்ணெடுத்த தமிழர்களின் வழியில் வந்தவர்கள் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் சாமியை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் அண்ணன் மகள்போல வளர்ந்த தம்பி மகள் இதைக் கேட்டு, "அப்ப நம்மள மாதிரிதான்" என்றாள், நல்ல தமிழில்.

ஞாயிறு காலை ஜாசின் வழியாகத் தோட்டத்துக்குப் போனோம். தூரத்தில் லேடாங் மலை நீலமாகத் தெரிந்தது. பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. வரிசைகளுக்கு நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஆந்தைக்கு வைத்த கூடு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்க மருந்துக்குப் பதிலாகப் பல தோட்டங்களில் ஆந்தை வளர்க்கிறார்கள். "அந்தக் காலத்துல ஆந்த அலறுனாவே கல்ல எடுத்து அடிப்போம்" என்று சிரித்தார் அப்பா.

லயங்கள் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்து, உடைந்த சிமெண்டுத் தரை ஒன்றின் முன் அப்பா நின்றார்.

"இதுதான் கள்ளுக்கட."

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் உரிமம் கொடுத்து நடந்த கடைகள் இவை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இது எனக்குப் படித்துத் தெரியும். அப்பா சொன்னது தெரியாது.

"மெர்டேக்கா வருசம். எனக்கு ஏழு வயசு. சம்பள நாளு வந்தா ஆத்தா என்னய இங்க அனுப்பும். அப்பாவக் கூப்புட இல்ல; கூப்புட்டா வரமாட்டாரு. எத்தன மங்கு குடிக்கிறாருன்னு எண்ணிட்டு ஓடி வரணும். அத வச்சுத்தான் சீனங்கடைக் கடன்ல எவ்ளோ கட்டலாம்னு ஆத்தா கணக்குப் போடும். அஞ்சுக்கு மேல போனா எண்ண மாட்டேன். அழுதுகிட்டே போயிருவேன்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெர்த் படத்தில் இருந்த ஐந்து கிளாஸ்கள் என் நினைவுக்கு வந்தன. அவனுக்கும் வந்திருக்கும்.

திரும்பும் வழியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை ஒன்று தென்பட்டது. "வேணாம்ப்பா, நேரா போயிடலாம்" என்றான் தம்பி.

"வந்தது வந்தாச்சு. ஒண்ணு வாங்கு" என்றார் அப்பா.

எழுபத்து நான்கு வயதுவரை கள்ளை நாக்கில் வைத்திராதவர். தென்னம்பாளையிலிருந்து காலையில் இறக்கியது. நேரம் ஆக ஆகத்தான் புளித்துக் காரமேறும். இரண்டு மிடறு குடித்தார்.

"இனிப்பாத்தான் இருக்கு. அவரு குடிச்சது சாயங்காலக் கள்ளு" என்று மிச்சத்தைத் தம்பியிடம் நீட்டினார்.

காடிக்கு வந்ததும், தோட்டத்தில் நடந்த பேச்சைப் பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்த சின்னவன் ஒரு விரலைக் காட்டினான்.

"ஒண்ணுதான் தாத்தா. எண்ணிட்டேன்."

அப்பா அவன் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

மலாக்காவுக்குப் போகிறவர்கள் சிவப்புத் தேவாலயத்தின் முன் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு, அவர்கள் பிறந்த தோட்டத்துப் பக்கமும் காடியைத் திருப்புங்கள்.