கிராம்பும் கடைவாய்ப் பல்லும்

பல்வலிக்கு ராத்திரி ரெண்டு மணிதான் நல்ல முகூர்த்தம். துடித்தேன். அம்மா கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுக் கடைவாய்ப் பல் பொந்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி போயே போச்சு!

"இதுக்குப் போய் டாக்டரிடம் தண்டம் அழணுமா?" என்று ஆபீஸில் லெக்சரே அடித்தேன். பேனாவோடு தைலக் குப்பியும் சட்டைப் பையில் ஏறியது. "என்ன சார், தினம் பிரியாணியா?" என்று மோப்பம் பிடித்தார் பக்கத்து சீட்காரர்.

நாலு மாசத்தில் கன்னம் இட்லியாக வீங்கியது. டென்டிஸ்டிடம் தைல மகாத்மியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுல இருக்கற யூஜினால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கற சொத்தைக் கிருமியை லேப் தட்டுல கொல்லும், நிஜம். ஆனா வாயில அது பல்காரைக்குள்ள பதுங்கி, சர்க்கரையைத் தின்னு ஆசிட் கக்கிட்டே இருக்கும். விழுந்த ஓட்டையைத் தைலம் அடைக்குமா? நரம்பை மரக்கத்தான் வெச்சது. நாய் வாயைக் கட்டிட்டுத் திருடனை உள்ளே விட்டுட்டீங்க!"

ரூட் கெனால். மூணு சிட்டிங்.

முதல் நாள் ஏதோ வெள்ளை மாவைக் குழைத்துப் பொந்தை அடைத்தார். குப்பென்று பழகிய வாசனை!

"ஜிங்க் ஆக்ஸைடும் யூஜினாலும். தற்காலிக அடைப்பு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பில்லில் அதற்குத் தனிக் கணக்கு.